வெர்லின் ஸ்டப்ஸின் சுடாத துப்பாக்கி

கர்த்தர் தம் மந்தையைக் காக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் டென்னசியில் மில்பர்ன் என்கிற ஊரில் மட்டும் அவருக்கு ஒத்தாசையாகப் பதினொரு பேர் இருக்கிறார்கள். 'மேய்ப்பர் காவல் குழு' என்பது அவர்களுடைய திருநாமம். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிடுவார்கள். கோட்டுக்குள் கைத்துப்பாக்கியும் காதுக்குள் ரேடியோக் கம்பியும் செருகிக்கொண்டு, சர்ச்சின் ஆறு வாசல்களிலும் விறைப்பாக நிற்பார்கள். குழு தொடங்கி ஏழு வருஷம் ஆகிறது. இந்த ஏழு வருஷத்தில் உத்தரவில்லாமல் உள்ளே நுழைந்தவர்கள் மொத்தம் இரண்டே பேர்: ஒரு வௌவால், ஒரு பூனை. வௌவால் தப்பித்துவிட்டது.

குழுவில் பன்னிரண்டாவது இடம் காலியாக இருந்தது. பன்னிரண்டு என்கிற எண்ணுக்கு வேதத்தில் எவ்வளவு மகிமை என்று குழுத் தலைவர் க்ளைட் ஹாக்கின்ஸ் அடிக்கடி சொல்வார். அந்த வரிசையில் கடைசியாக எழுதியிருக்கும் பெயர் யூதாஸ் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தியதில்லை. அந்த இடத்துக்குத்தான் வெர்லின் ஸ்டப்ஸ் ஆசைப்பட்டார்.

வெர்லினுக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவர் மனைவி லொரெட்டாவிடம்தான் கேட்க வேண்டும். தண்ணீர் இலாகாவில் முப்பத்தொரு வருஷம் மீட்டர் பார்த்த மனிதர். கேட்காமல் கொள்ளாமல் அடுத்தவர் கொல்லைப்புறத்துக்குள் நுழைவதுதான் அவர் உத்தியோகம். நான்கு நாய்கள் கடித்திருக்கின்றன, ஒரு வாத்து துரத்தியிருக்கிறது. மனிதர்கள் யாரும் ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொன்னதில்லை. வெயில் நாளில் கூப்பிட்டு எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்று ஆறே மாதம் டிவி முன்னால் உட்கார்ந்தார், ஞானம் பிறந்துவிட்டது. சொல்லாமல் கொல்லைப்புறத்தில் நுழைகிறவன் எவனாக இருந்தாலும் அவன் சுடப்பட வேண்டியவன். முப்பத்தொரு வருஷச் சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிற அளவுக்கு மட்டும் ஞானம் போகவில்லை.

லொரெட்டா ஆரம்பத்தில் ஒன்றும் சொல்லவில்லை. மனுஷன் சோபாவை விட்டு எழுந்தாரே, அது போதும் என்று இருந்துவிட்டாள். பிற்பாடு இதை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

துப்பாக்கியை விற்றது தலைவர் க்ளைட்தான். பழைய டயர் வியாபாரம் செய்கிறவர். உள்ளங்கை அளவு கைத்துப்பாக்கி. கால்சட்டைக்குள் இடுப்போடு செருகிக்கொண்டால் வெளியே தெரியாது. “என் இடுப்புல இருந்து உங்க இடுப்புக்கு வருது பிரதர். என் கையில ஒரு தடவைகூடத் தோட்டா சிக்கினதில்ல” என்றார் க்ளைட். அது சத்தியம். ஏற்கெனவே இரண்டு சகோதரர்களிடம் இருந்துவிட்டு வந்த அதை அவர் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, ஒரு தடவைகூடச் சுட்டுப் பார்க்கவில்லை. மில்பர்னில் ஒரு வழக்கம் உண்டு. கட்டின மனைவியைக் குறை சொல்லலாம், பெற்ற பிள்ளையைக் குறை சொல்லலாம், மேய்ப்பரின் பிரசங்கத்தைக்கூடக் குறை சொல்லலாம். தன்னிடம் இருந்த துப்பாக்கியை மட்டும் எவனும் குறை சொல்ல மாட்டான், சகோதரனுக்கு விற்றுவிடுவான்.

குழுவில் சேர ஒரு பரீட்சை உண்டு. தலைவர் முன்னிலையில் ஐம்பது தோட்டாக்களை ஒரு சிக்கல் இல்லாமல் சுட்டுக் காட்ட வேண்டும். டயர்க் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் வெர்லின் பரீட்சைக்கு நின்றார். முதல் தோட்டா ஜோராக வெடித்தது. இரண்டாவது குறுக்கே சிக்கிக்கொண்டது. மூன்றாவதுக்கு 'க்ளிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பார்க்க வந்திருந்த பதினொரு பேரும் உடனே விசாரணையைத் தொடங்கினார்கள். இந்தக் கம்பெனித் தோட்டா இந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவராது என்றார் ஒருவர். எண்ணெய் அதிகம் என்றார் இன்னொருவர், எண்ணெய் போதாது என்றார் மூன்றாமவர். வெர்லினுக்கு மணிக்கட்டில் பலமில்லை என்றார் க்ளைட். எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கி 'பழக வேண்டும்', ஐந்நூறு தோட்டா போனால்தான் வழிக்கு வரும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். மூன்று எஜமானர்களிடம் பழகாத துப்பாக்கி நான்காமவரிடம் பழகுமாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரியாதவள் வாயே திறக்கவில்லை. கூடம் கோணல், மேளம் கோணல், பார்க்க வந்தவன் கண் கோணல் என்று பதினொரு பேர் அவளுக்காகப் பரிந்து பேசினார்கள்.

பழகும் வரைக்கும் என்ன செய்வது? அதற்கும் க்ளைட்டிடம் பாடம் இருந்தது. துப்பாக்கி சிக்கினால் அடியில் ஒரு தட்டு, மேலே ஒரு இழுப்பு, மறுபடியும் குறி, மறுபடியும் சுடு. யோசிக்கவே கூடாது. “கை தானாச் செய்யணும் பிரதர். மூளை குறுக்க வரக்கூடாது” என்றார். அந்த விஷயத்தில் வெர்லினுக்குப் பெரிய இடைஞ்சல் இருக்கவில்லை.

அன்று முதல் அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம், ஜெபத்துக்கு முன் நூறு தடவை தட்டல் இழுப்பு. வெடிக்காத பொம்மைத் தோட்டாவைப் போட்டுக்கொண்டு குளிர்பெட்டியைக் குறி பார்ப்பார். தட், சர்ரக், க்ளிக். லொரெட்டா பீன்ஸ் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். வெளியே போகும்போது நிஜத் தோட்டாவை நிரப்பி இடுப்பில் செருகிக்கொள்வார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்: நடந்தால் குத்தும், உட்கார்ந்தால் குடையும், நிமிஷத்துக்கு ஒரு தடவை சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார். மளிகைக் கடையில் கணக்குப் போடும் பெண், “ஸ்டப்ஸ் சார், என்ன மாடல்?” என்று சாதாரணமாகக் கேட்டாள். அவ்வளவு ரகசியம்.

நாளடைவில் லொரெட்டாவுக்கு அது பழகிவிட்டது. மூக்குக் கண்ணாடி மாதிரி, இடுப்பு வலிக்குப் போடும் பட்டை மாதிரி, அதுவும் அவர் மேல் இருக்கும் ஒரு சாமான். மறந்தே போனாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான். ஆனால் சின்னத் தப்பு இல்லை.

செப்டம்பரில் வெர்லினுக்கு அறுபது வயது. அந்த ஊரில் அறுபதுக்கு ஒரு சடங்கு உண்டு. பிறந்தநாள்காரருக்குத் தெரியாமல் சொந்தபந்தமெல்லாம் அவர் வீட்டுக்குள் புகுந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, இருட்டில் ஒளிந்திருக்க வேண்டும். அவர் கதவைத் திறந்ததும் எல்லாரும் ஒன்றாக எழும்பி, “சர்ப்ரைஸ்!” என்று கத்த வேண்டும். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் கேக்.

மகள் ராண்டா இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள், ஆறு வயதுப் பேத்தி பைப்பரையும் கூட்டிக்கொண்டு. குழுவிலிருந்து க்ளைட், டுவைட், இன்னும் இரண்டு பேர், அவரவர் மனைவிகளோடு. ஒளிந்துகொள்ளும் ஏற்பாடு முழுவதும் க்ளைட்டின் பொறுப்பு; பாதுகாப்பு விஷயத்தில் அவரைவிட அனுபவசாலி யார்? சந்தேகம் வராமல் இருக்க வண்டிகளை சர்ச்சுக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார். யார் எந்த நாற்காலிக்குப் பின்னால் என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். தான் மட்டும் பெரிய சோபாவுக்குப் பின்னால். பைப்பர் குள்ளமாக இருப்பதால் எல்லாருக்கும் முன்னால்.

இருட்டு வீட்டில் ஒளிந்திருக்கிறவனைப் பார்த்தால் யோசிக்காமல் சுடு என்று ஒரு மனிதனுக்கு நான்கு மாதம் பாடம் நடத்திய நான்கு பேர், அதே மனிதனுடைய வீட்டை இருட்டாக்கி ஒளிந்துகொண்டார்கள். நாலு பேருடைய இடுப்பிலும் துப்பாக்கி இருந்தது. நாலு பேரில் ஒருவர் தலையிலாவது ஏதாவது இருந்திருக்கக் கூடாதா?

ஆணி வாங்கிவர அனுப்பப்பட்ட வெர்லின் மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பினார். திறந்து வைத்துவிட்டுப் போன திரைச்சீலை மூடியிருந்தது. பூட்டிய பின்கதவு பூட்டாமல் இருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். பாடத்தில் சொன்ன 'அபாய அறிகுறிகள்' மூன்றும் வரிசையாக வந்து நின்றன. அவர் சட்டையைத் தூக்கினார், துப்பாக்கியை உருவினார், கதவைக் காலால் தள்ளினார்.

பைப்பரால் பொறுக்க முடியவில்லை. மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவள் குதித்து முன்னால் வந்துவிட்டாள்.

க்ளிக்.

விளக்கு சுவிட்சில் கை வைத்திருந்த லொரெட்டாவுக்கு அந்தச் சத்தம் என்ன என்று உடனே தெரிந்தது. நான்கு மாதமாகச் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்ட சத்தம். அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். அவள் சுவிட்சைப் போடுவதற்குள் அது வந்துவிட்டது. தட், சர்ரக். வெர்லினுடைய கை தானாகச் செய்தது. மூளை குறுக்கே வரவில்லை. விரல் மறுபடியும் இழுத்தது. இரண்டாவது தோட்டா குறுக்கே சிக்கியிருந்தது.

விளக்கு எரிந்தது. தலையில் காகிதக் கிரீடமும் வாயில் பீப்பியுமாகப் பைப்பர் நின்றாள். எல்லாரும் ஏன் சும்மா இருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. பீப்பியை ஒரு தடவை ஊதினாள். முதல் தோட்டா தெறித்து உருண்டு அவள் செருப்பருகில் கிடந்தது. குனிந்து எடுத்து நீட்டினாள்.

“தாத்தா, உங்ககிட்டேர்ந்து இது விழுந்துருச்சு.”

வெர்லின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ராண்டா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வண்டிச் சாவியைத் தவிர வேறு எதையும் எடுக்கவில்லை. போகிற போக்கில் பைப்பர் கையிலிருந்த தோட்டாவைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

“சுடலயே” என்றார் வெர்லின். முகம் வெளிறிப் போயிருந்தது. “லொரெட்டா, அது சுடலயே.”

அந்த ஒரு நிமிஷம் அவர் பிழைத்த மனிதராக இருந்தார். லொரெட்டா சாகும்வரை அதைச் சத்தியம் செய்து சொல்வாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவர் கண்ணில் எழுதியிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் அவரைத் தனியாக விட்டிருந்தால் அந்தச் சனியனைக் கொண்டுபோய் ஆற்றில் போட்டிருப்பார்.

விட்டார்களா? சோபாவுக்குப் பின்னாலிருந்து க்ளைட் எழுந்து வந்தார்.

“ஒன்றரை செகண்ட்” என்றார்.

“என்னது?” என்றாள் லொரெட்டா.

“சிக்கலை எடுத்து மறுபடி குறி பார்க்க ஒன்றரை செகண்ட்தான் ஆச்சு, சிஸ்டர். எங்க குழுவுல யாருக்கும் ரெண்டுக்குக் கீழ வந்ததில்ல.” தரையில் கிடந்த தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதன் பின்பக்கத்தில் எள்ளளவு ஒரு பள்ளம். “பாத்தீங்களா? ஊசி தொட்டிருக்கு. ஆனா பலமா அடிக்கல. பிரதர் வெர்லின், உங்க மேல தப்பே இல்ல.”

மற்ற மூவரும் சூழ்ந்துகொண்டார்கள். வெர்லினைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள், தோளைத் தட்டினார்கள், கேக் ஊட்டினார்கள். அவசரத்துக்கு உதவாத துப்பாக்கி எப்பேர்ப்பட்ட துரோகம் என்று ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். துப்பாக்கிக்கு முன்னால் நின்றது யார் என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை. அது 'தொழில்நுட்ப' விஷயம் இல்லையே. இரண்டாவது துண்டு கேக் முடிவதற்குள் வெர்லினுக்கு முகத்தில் ரத்தம் வந்துவிட்டது. மூன்றாவது துண்டில் கோபமும் வந்துவிட்டது, துப்பாக்கி மேல்.

மறுநாள் ராண்டா போனில் பேசினாள். அழவில்லை, கத்தவில்லை.

“அப்பா, அந்தத் துப்பாக்கி அந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் பைப்பர் அங்க வரமாட்டா.”

“நீ சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா” என்றார் வெர்லின், மிகவும் பணிவாக. லொரெட்டாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்திலிருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பேத்திக்காக மனுஷன் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தாள்.

போனை வைத்துவிட்டு அவர் நேரே டுவைட்டின் பட்டறைக்குப் போனார். டுவைட் பகலில் புல்வெட்டும் மெஷின் ரிப்பேர் செய்கிறவர், துப்பாக்கியும் பார்ப்பார். “ராண்டா சொல்றது சரிதான். இப்படி ஒரு பழுதான துப்பாக்கி இருக்கிற வீட்டுல எவ பிள்ளையை விட்டுட்டுப் போவா?” என்று அவரிடம் முறையிட்டாராம்.

டுவைட் அதைப் பிரித்துப் போட்டு ஒரே நாளில் நோயைக் கண்டுபிடித்தார். முன்னால் வைத்திருந்த யாரோ விசை இழுக்க லேசாக இருக்கட்டும் என்று உள்ளே இருந்த ஸ்ப்ரிங்கை மாற்றி, பலமில்லாத ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதனால்தான் அடி எள்ளளவோடு நின்றுவிட்டது. புது ஸ்ப்ரிங் போட்டார். தோட்டா அடுக்கும் பெட்டியையும் மாற்றினார். மண்மேட்டில் இருநூறு தோட்டா சுட்டார்கள். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

வெர்லின் அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

“சரி பண்ணியாச்சும்மா! இருநூறு தோட்டா, ஒண்ணுகூடத் தப்பல. இனி ஒரு பயமும் இல்ல. இந்த ஞாயித்துக்கிழமை பைப்பரைக் கூட்டிட்டு வா.”

அந்தப் பக்கம் “அப்பா…” என்று ஒரு வார்த்தை. அப்புறம் லைன் கட்டாகிவிட்டது.

“அவ ஊர்ல எப்பவுமே சிக்னல் கிடைக்காது” என்றார் வெர்லின்.

லொரெட்டா அன்று அவரிடம் கேட்டே விட்டாள். உனக்குத் துப்பாக்கி வேண்டுமா பேத்தி வேண்டுமா என்று. அவர் நிஜமாகவே புரியாமல் விழித்தார். பேத்தியைக் காப்பாற்றத்தானே துப்பாக்கி என்றார். இருபத்தெட்டு வயதில் தன்னைக் கடித்த நாயின் சொந்தக்காரனுக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வந்த மனிதர் இவர். அந்த ஆளை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைத்தார்கள் என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.

வியாழக்கிழமை, டுவைட் சுத்தம் செய்து வைத்திருந்த துப்பாக்கியை வாங்கிவர அவளே பட்டறைக்குப் போனாள். டுவைட் யோக்கியமான தொழிலாளி. கழற்றிய பழைய சாமானைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பையில் சுண்டுவிரல் நீளம் ஒரு ஸ்ப்ரிங் இருந்தது. லொரெட்டா அதை வெகுநேரம் பார்த்தாள்.

“இதையே திரும்பப் போட்டுத் தர முடியுமா?”

டுவைட் சிரித்தார். “இதைப் போட்டா சுடாது சிஸ்டர்.”

“தெரியும்.”

அவர் சிரிப்பு நின்றது. “அவருக்குத் தெரியாமலா?”

“தெரியாமத்தான்.”

“மன்னிக்கணும் சிஸ்டர்” என்றார் டுவைட், கையைத் துடைத்துக்கொண்டே. “தொழில்ல நான் துரோகம் பண்ண மாட்டேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் மனசாட்சிக்கு யார் பதில் சொல்றது?”

மனசாட்சி. அன்று நாற்காலிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தபோது அதை எந்தப் பெட்டியில் பூட்டிவைத்திருந்தார் என்று லொரெட்டா கேட்கவில்லை. பையை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை வெர்லின் மறுபடியும் பரீட்சைக்கு நின்றார்; ஐம்பதுக்கு ஐம்பது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் கூடத்தில் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் பரப்பி வைத்திருந்தார்கள். முதல் வரிசையில் ராண்டாவுக்கும் பைப்பருக்கும் இரண்டு நாற்காலி போட்டு, பெயர் எழுதி ஒட்டியிருந்தார் வெர்லின். வாசலைப் பார்த்துப் பார்த்து அவர் கழுத்து வலித்திருக்கும். நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

க்ளைட் மேடையேறிப் பாராட்டுரை வாசித்தார். 'எதிர்பாராத சூழ்நிலையில், ஆயுதத்தின் பழுதையும் பொருட்படுத்தாமல், ஒன்றரை செகண்டில் மீண்டும் குறி பார்த்து, கடமை தவறாத விழிப்புணர்வைக் காட்டிய' பிரதர் வெர்லின் ஸ்டப்ஸ் இன்று முதல் பன்னிரண்டாவது மேய்ப்பர் காவலர். கூடம் அதிரக் கைதட்டல். சபையில் பேத்தி உள்ளவர்களும் தட்டினார்கள். வழக்கப்படி பதக்கத்தை மனைவிதான் குத்திவிட வேண்டும். லொரெட்டாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் பையை எடுத்தாள். பதக்கத்தின் ஊசியை முதலில் அந்தப் பைக்குள் செலுத்தி, அப்புறம் இரண்டையும் சேர்த்து வெர்லினுடைய கோட்டில் குத்தினாள். பதக்கத்துக்குக் கீழே பழைய ஸ்ப்ரிங் தொங்கியது.

“இது என்ன சிஸ்டர்?” என்று க்ளைட் மெதுவாகக் கேட்டார்.

“பைப்பரைக் காப்பாத்தினவங்களுக்குத்தானே பதக்கம்?” என்றாள் லொரெட்டா. ஒலிபெருக்கி திறந்திருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. “கொடுத்துட்டேன்.”

வெர்லின் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். க்ளைட் ஒரு விநாடி திகைத்து, பிறகு பெரிதாகச் சிரித்து, “துப்பாக்கியைக் கெடுத்த குற்றவாளியைப் பிடிச்சுக் கொண்டாந்துட்டாங்க!” என்றார். கூடமே சிரித்தது. சாப்பிட எழுந்தார்கள். லொரெட்டா சாப்பிடவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத் தொலைவிலிருக்கும் மகள் வீட்டுக்குத் தனியாகப் புறப்பட்டாள். வாசல்கள் ஆறிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

மில்பர்ன் சபைக்கு அன்று ஒரு பெருமை சேர்ந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பெண்களின் கைப்பைகளையும் சேர்த்தால் அந்தக் கூடத்தில் மொத்தம் பத்தொன்பது துப்பாக்கிகள் இருந்தன. பத்தொன்பதும் சுத்தமாக, எண்ணெய் போட்டு, தோட்டா நிரம்பி, இழுத்தால் சுடும். பழுதானது ஒன்றுகூட இல்லை.

இனி கர்த்தர்தான் காப்பாற்ற வேண்டும்.